ஓவர் ஆக்டிங் என்கிறீர்களே, எந்த இடத்தில்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுராந்தகத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“மாமா, இதப் பாரேன்.”

முப்பது விநாடி வீடியோ. சிவாஜியின் முகம் மட்டும். கன்னம் துடிக்கிறது, உதடு நடுங்குகிறது, கண் விரிகிறது. யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தத்தைப் பின்னால் ஒட்டவைத்திருந்தார்கள்.

“எந்தப் படம்டா?”

“தெரியல மாமா.”

“எதுக்கு அழுறாரு?”

“அது இன்னாத்துக்கு? அழுறதே காமெடியா இருக்குது பாரு. சரியான ஓவர் ஆக்டிங்.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம் அவன் சிவாஜியைக் கிண்டல் பண்ணியது இல்லை. பண்ணட்டும், அவர் தாங்குவார். இந்தப் பையன் படிக்காதவன் இல்லை, அதுதான் காரணம். அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்க’ளைப் படித்துவிட்டு எனக்கே வகுப்பெடுத்தவன். லெட்டர்பாக்ஸ்டில் கணக்கு வைத்திருக்கிறான். குரோசவாவுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு அரைப் பக்கம் எழுதுகிறவன். ஒரு நாவலை நடுப்பக்கம் மட்டும் கிழித்துப் படித்துவிட்டு ‘மோசமான நாவல்’ என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவான். அதே ஆள் ஒரு முழுப் படத்தை, ஒரு முழு நடிகனை, ஒரு முழுக் காலகட்டத்தை முப்பது விநாடியில் தள்ளுபடி செய்கிறான். இதில் அவன் தனியாள் இல்லை. இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அவன் கட்சிதான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

என் வாதம் எளியது. ‘ஓவர்’ என்பது ஓர் அளவைக் குறிக்கும் சொல். அளவு என்று வந்துவிட்டால் எதைவிட ஓவர், எந்த இடத்தில் ஓவர், யாருக்கு ஓவர் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது விமர்சனம் ஆகாது, வெறும் கொட்டாவி.

*

முதலில் ‘எதைவிட’ என்பதை எடுத்துக்கொள்வோம்.

நான் சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டது டென்ட் கொட்டாயில். எங்கள் பக்கம் கொட்டகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கொட்டாய்தான். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, வயல் ஓரத்தில், கூரை போட்டு, சுற்றிலும் அரைத்தட்டி வைத்த இடம். தரை டிக்கெட்டுக்கு மணல். உள்ளே போனதும் முதல் வேலை மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவது. பின்னால் இருப்பவன் திட்டுவான், அவனும் மேடு கட்டுவான், அவனுக்குப் பின்னால் இருப்பவன் அவனைத் திட்டுவான். இருப்பது ஒரே ஒரு புரொஜெக்டர். அதனால் ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் விளக்குப் போடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்கு விற்பவன் படம் ஓடும்போதே குறுக்கே நடப்பான். கைக்குழந்தைகள் அழும். ஏரி நிரம்பிய மாசங்களில் தவளைச் சத்தம் ஒரு பக்கம். மழை வந்தால் கூரையில் விழுகிற சத்தத்தில் வசனம் போய்விடும். ஒலிபெருக்கி கரகரவென்று ஒரே தொண்டையில் எல்லாரையும் பேச வைக்கும்.

இந்த இரைச்சலைத் தாண்டி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்கு, பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்தவளுக்கு, ‘இவன் இப்போது உடைந்துபோனான்’ என்பது போய்ச் சேர வேண்டும். அதற்கு எவ்வளவு பெரிய முகம் வேண்டும், எவ்வளவு தெளிவான நாக்கு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்குப் பெரும்பாலும் எழுத்துத் தெரியாது. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். நல்ல தமிழ் வாக்கியம் ஒன்றை முழுசாக, ஏற்ற இறக்கத்தோடு அவள் காது கேட்க வேண்டுமென்றால் கோயில், கூத்து, மேடைப்பேச்சு, சினிமா என்று நாலே இடம்தான் இருந்தது.

‘பராசக்தி’ (1952) கோர்ட் காட்சியை இன்று ஹெட்போனில் கேட்டுவிட்டு ‘ஏன் இப்படிக் கத்துகிறார்’ என்கிறீர்கள். அது உங்கள் காதுக்குள் பேசுவதற்காகப் பேசப்பட்டது இல்லை. அந்த வசனம் புத்தகமாக அச்சிட்டு விற்கப்பட்டது, இசைத்தட்டாக வந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனமும் ‘திருவிளையாடல்’ தருமி காட்சியும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கோயில் திருவிழாவிலும் விடிய விடிய ஓடின. ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு முழுப் படத்தையும் வெறும் சத்தமாகவே கேட்ட தலைமுறை அது. படமே இல்லாமல் குரலை மட்டும் வைத்து ஒரு ஆள் நிற்கிறார் என்றால் அந்தக் குரலுக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்க வேண்டும்!

நம் மாவட்டத்துப் பையன்தானே, மாமல்லபுரம் போயிருப்பாய். அந்த அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் நின்றிருப்பாய். ஆளுயரத்தைத் தாண்டிய யானைகள். வெட்டவெளியில் தூரத்தில் நின்று பார்ப்பதற்காகப் பாறையின் அளவுக்குச் செதுக்கியவை. ‘மோதிரக் கல்லில் இதைவிட நுணுக்கமாகச் செதுக்கியிருப்பார்களே, இது கொஞ்சம் ஓவர்’ என்று யாராவது சொல்வார்களா? ஆறு அங்குல போனை அளவுகோலாக வைத்துக்கொண்டு டென்ட் கொட்டாய்க்குச் செய்த நடிப்பை அளப்பதும் அதே கதைதான்.

*

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். அந்தக் கிழவிக்கு இந்தப் பெரிய நடிப்பு புதிதாக இல்லை. ஏற்கெனவே பழகியிருந்தது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரமெல்லாம் கூத்து நிலம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, ராத்திரி கூத்து வைப்பார்கள். நான் சின்ன வயதில் மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ‘கர்ண மோட்சம்’ பார்த்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். இரண்டு பேர் துணித்திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னாலிருந்து கர்ணன் பாடிக்கொண்டே வருவான். முதலில் கிரீடத்தின் நுனி தெரியும், அப்புறம் கால் சலங்கை கேட்கும், முகம் தெரிய ரொம்ப நேரம் ஆகும். கட்டையால் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் பூட்டிக்கொண்ட ஆளுக்குத் தலையை லேசாகத் திருப்பிச் சோகம் காட்டுவது என்பதெல்லாம் முடியாத காரியம். உடம்பே சுழல வேண்டும். போருக்குக் கிளம்பும் முன் பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் இடத்தில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. விடியற்காலையில் அவன் சாகும்போது முன்வரிசையில் தூங்கிவிட்ட குழந்தைகளை எழுப்பிப் பார்க்க வைத்தார்கள். யாரும் ஓவர் என்று சொல்லவில்லை. சாவது கர்ணன். சின்னதாகச் செத்தால்தான் குற்றம்.

பி.ஆர். பந்துலு எடுத்த ‘கர்ணன்’ (1964) படத்தை நான் பார்த்தது இதற்குப் பிறகு. (தனுஷ் கர்ணனைச் சொல்லவில்லை, தம்பி.) அம்புகள் தைத்துக் கிடக்கிறார் சிவாஜி. கிழப் பிராமணனாக வந்து புண்ணியத்தையும் தானமாகக் கேட்கிறான் கண்ணன். அங்கே சிவாஜியின் முகத்தில் நான் பார்த்தது எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரைத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். கிரீடத்தின் பாரம் இல்லாததால் கூத்துக்காரன் உடம்பால் சொன்னதையெல்லாம் இவர் கண்ணுக்கும் குரலுக்கும் இறக்கி வைத்திருந்தார். கூத்திலிருந்து பார்த்தால் அது சுருக்கிய நடிப்பு. அந்த ராத்திரியெல்லாம் விழித்திருந்த எனக்கு ‘எவ்வளவு அடக்கி வாசிக்கிறார்’ என்றுதான் தோன்றியது. ஓவரா, அண்டரா என்பது நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இப்போது என் அக்கா மகனின் ஐந்து நட்சத்திரத்துக்கு வருகிறேன். குரோசவாவின் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957). கடைசிக் காட்சியில் டோஷிரோ மிஃபுனேவின் மேல் அம்புகள் மழையாகப் பாய்கின்றன. அவர் கண்ணை உருட்டுகிறார், பல்லைக் கடிக்கிறார், அலறுகிறார், ஓடுகிறார், முகத்தை முகமூடி மாதிரி இறுக்கி வைக்கிறார். பையன் எழுதுகிறான்: ‘நோ நாடக மரபின் முகபாவங்களைத் திரைமொழிக்குள் கொண்டுவந்த உன்னதம்.’ சரி, ரொம்பச் சரி. நானும் ஒப்புக்கொள்கிறேன். அம்பு தைத்த ஜப்பான்காரன் கண்ணை உருட்டினால் மரபு. ஏழே வருஷம் கழித்து அம்பு தைத்த நம்மாள் கண்ணை உருட்டினால் ஓவரா? நோ நாடகத்தைப் பற்றி விக்கிபீடியாவில் படித்துத் தெரிந்துகொண்டாய். உன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் நடக்கிற கூத்தைப் பற்றி என்ன தெரியும்?

இது நடிப்பு பற்றிய ரசனைக் குறைபாடு இல்லை. தூரத்தில் இருந்தால் மரபு, பக்கத்தில் இருந்தால் பட்டிக்காட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளும் பழைய நோய்.

*

அந்த நடிகர்கள் எங்கே படித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும். சின்ன வயதிலேயே வீட்டை விட்டு பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர் கணேசன். மதுரை ஸ்ரீ பாலகான சபா. அந்தக் கம்பெனியை நடத்தியவர் பெயர் யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை. ஆமாம், யதார்த்தம்! ஓவர் ஆக்டிங் என்று நீங்கள் சொல்லும் மனிதர் படித்த பள்ளிக்கூடத்தின் வாத்தியார் பெயரிலேயே யதார்த்தம் இருந்தது. எம்.ஆர். ராதா, காக்கா ராதாகிருஷ்ணன் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். பையன்களே ராமன், பையன்களே சீதை. பாட்டு, வசனம், அடவு, கத்திச்சண்டை எல்லாம் பாடம். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கு மெல்லினமும் இடையினமும் பிரிந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் உதை.

நம் மாவட்டத்துக்கே ஒரு பங்கு இதில் உண்டு. பம்மல் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊரைப் பெயரில் சுமந்த பம்மல் சம்பந்த முதலியார், 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வக்கீலாக இருந்து நீதிபதியானவர். நாடகக்காரன் என்றாலே கூத்தாடி என்று முகம் சுளித்த காலத்தில் படித்தவர்களை மேடையேற்றியவர். அவர் எழுதிய ‘மனோகரா’தான் 1954இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், கருணாநிதி வசனத்தில் படமானது. சங்கிலியில் கட்டுண்ட மகன் சிவாஜி, எதிரே தாய் கண்ணாம்பா. அந்தக் காட்சியில் யார் பெரியவர் என்று பாருங்கள். கத்துவதில் சிவாஜி. ஆனால் கத்தாமல் நின்று, கடைசியில் ஒரே மூச்சில் உடைந்து காட்சியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் கண்ணாம்பா.

அன்றைக்கு வசனம் பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே பதிவானது. மைக் தலைக்கு மேலே தொங்கும். முணுமுணுத்தால் பதிவாகாது. பின்னால் டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதியோடு, ஸ்டுடியோவை விட்டு வயலுக்கும் ஆற்றுக்கும் கேமரா போன பிறகுதான் ‘பதினாறு வயதினிலே’ (1977), ‘உதிரிப்பூக்கள்’ (1979) மாதிரி படங்களில் ஆட்கள் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். நடிகனின் ரசனை மட்டும் மாறிவிடவில்லை, அவன் நின்ற இடமும் மாறியது.

அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் நாம் இன்று ‘இயல்பு’ என்கிறோம். இயல்பும் ஒரு பாணிதான். இப்போது வரும் படங்களில் எல்லாரும் பாதி வாக்கியத்தை முழுங்குகிறார்கள், கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், சோகமென்றால் ஜன்னல் வழியே வெறிக்கிறார்கள். உங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது யாராவது ஜன்னல் வழியே வெறித்தார்களா? எங்கள் வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தெருவே கேட்டது. தமிழ்நாட்டு எழவு வீட்டை நேரில் பார்த்தவன் சிவாஜியின் அழுகையை ஓவர் என்று சொல்ல ஒரு நிமிஷமாவது தயங்குவான். இன்னொன்று. ஹீரோ காரிலிருந்து இறங்கிப் பத்தடி நடப்பதை ஸ்லோமோஷனில் காட்டி, புழுதி பறக்க, காது கிழிய வாசிக்கிறார்களே, அதைத் தியேட்டரில் நின்று விசிலடித்துப் பார்க்கிறோம். அந்த ஓவரைக் கேமராவும் ஸ்பீக்கரும் செய்கின்றன, நடிகன் சும்மா நடக்கிறான். அன்றைக்கு அந்த வேலை முழுவதையும் ஒரு மனிதன் தன் கன்னத்து நரம்பை வைத்தே செய்தான். அது மட்டும் சிரிப்பா?

*

சரி, ‘எந்த இடத்தில்’ என்ற கேள்விக்கு வருவோம். பழைய படம் என்றாலே ஒரே சுருதியில் கத்துவது என்று நினைப்பவர்கள் ‘அந்த நாள்’ (1954) பார்த்திருக்க மாட்டார்கள். எஸ். பாலச்சந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு, ஒரு பாட்டுக்கூட இல்லை. ரேடியோ என்ஜினீயர் ராஜன் படம் தொடங்கும்போதே சுட்டுக் கொல்லப்படுகிறான். அதுதான் சிவாஜி. சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943 அக்டோபர். யார் கொன்றது என்று விசாரிக்க, ஒவ்வொருவரும் தாங்கள் அறிந்த ராஜனைச் சொல்கிறார்கள். தம்பிக்கு ஒரு ராஜன், காதலிக்கு ஒரு ராஜன், மனைவிக்கு ஒரு ராஜன். தன்னை மதிக்காத நாட்டை எதிரிக்கு விற்கத் துணிந்த புத்திசாலி அவன். சிவாஜி அவனை நமக்குப் பிடிக்க வைக்க ஒரு முயற்சியும் செய்வதில்லை. ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம். தமிழ்நாடே கைதட்டிய அந்தக் குரலை மடித்து உள்ளே வைத்துவிட்டு, தோளைச் சாய்த்து, அலட்சியமாகப் பேசிக்கொண்டு போகிறார். கத்தத் தெரிந்தவன் கத்தாமல் இருப்பதற்குப் பெயர் என்ன?

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பாருங்கள். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும். சிவாஜி வாசிக்கவில்லை. ஆனால் மூச்சை எங்கே பிடித்து எங்கே விட வேண்டும், எந்த ஸ்வரத்துக்குக் கழுத்து நரம்பு புடைக்கும் என்று உடம்பில் எழுதி வைத்திருக்கிறார். ‘முதல் மரியாதை’யில் (1985) தனியாக நின்று இளவட்டக்கல்லைத் தூக்கும் மலைச்சாமி. வயசான உடம்பு, திரும்பி வந்த ஆசை, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற வெட்கம். ‘தேவர் மகன்’ (1992) படத்தில் ஊரைவிட்டுப் போகிறேன் என்று மகன் சொல்லும்போது அந்தப் பெரிய தேவர் பேசுகிற காட்சி. குரல் ஏறவே இல்லை. அதே படத்தில் தம்பியாக, எதிர்ப்பக்கத்துச் சின்னத் தேவராக வருபவர் காக்கா ராதாகிருஷ்ணன். பாய்ஸ் கம்பெனியில் ஒன்றாக அடி வாங்கிய இரண்டு பையன்கள் கிழவர்களாக ஒரே படத்தில். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஓவர் என்றால் பேசலாம்.

ஓவர் இல்லவே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நிறைய இருக்கிறது. ‘திரிசூலம்’ (1979) அவருடைய 200ஆவது படம், பெரிய வெற்றி. எனக்குப் பாதியில் எழுந்து போகத் தோன்றியது. எழுபதுகளில் பல படங்களில் கைதட்டலுக்கு இடம் விட்டு வசனத்தை நிறுத்துகிறார். நடை என்று ஒன்று தனியாக வந்து படத்தைவிட்டு விலகி நடக்கிறது. பாத்திரம் போய், ‘சிவாஜி செய்கிறார்’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதைச் சொல்ல விடாதவர்கள் யார் என்றால், என் வயசுக்காரர்களும் எனக்கு மூத்தவர்களும்தான். ரசிகர் மன்றத்துப் பெரியவர்கள். ‘அந்தக் காலம் மாதிரி வருமா’, ‘கெய்ரோவிலேயே விருது கொடுத்தான்’, ‘ஒன்பது வேஷம் போட்டாரே’ என்று பட்டியல் வாசிப்பார்கள். ஒன்பது வேஷத்தில் எந்த வேஷம் எடுபடவில்லை என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். முழுசாகக் கும்பிடுகிறவனும் முழுசாகச் சிரிக்கிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேரும் படத்தைப் பார்ப்பதில்லை. நாங்கள் பூஜை போட்டுப் போட்டு வைத்த படத்தைத்தான் இந்தப் பிள்ளைகள் மீம் போடுகிறார்கள். இதில் எங்கள் பங்கு பெரிது.

*

சிவாஜியாவது பரவாயில்லை, பெரிய ஆலமரம். இந்த ஒற்றைச் சொல்லால் மொத்தமாக அடித்துப் போகிறவர்கள் மற்றவர்கள்தான்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் டி.எஸ். பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை நாகேஷைப் பார்க்காதீர்கள், பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு அங்கே பெரிதாக வசனமே கிடையாது. கேட்கிறார், அவ்வளவுதான். அலட்சியமாக உட்கார்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, தன் வீட்டிலேயே தனக்குப் பயம் வந்துவிட்டதை முகத்தில் காட்டுகிறார். நாகேஷின் காமெடி வெடிப்பதே பாலையா நம்புவதால்தான். கேட்பது எப்படி என்று நடிப்புப் பள்ளியில் பாடம் வைத்தால் இந்தக் காட்சியைத்தான் வைக்க வேண்டும். அடுத்த வருஷம் ‘திருவிளையாட’லில் அவரே ஹேமநாத பாகவதர். ஊரையே விலைக்கு வாங்க வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நுழைந்த ஆள், ராத்திரி ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டுவிட்டுப் பெட்டி கட்டும்போது உடம்பே பாதியாகிவிடும். 1936இல் ‘சதி லீலாவதி’யில் எம்.ஜி.ஆரும் என்.எஸ். கிருஷ்ணனும் அறிமுகமானபோது கூடவே அறிமுகமானவர். முப்பது வருஷம் கழித்து அந்த ராத்திரிக் காட்சி. யாராவது அவரை வைத்து ஒரு ரீல் போட்டிருக்கிறார்களா?

எஸ்.வி. ரங்காராவ் ‘மாயா பஜா’ரில் (1957) கடோத்கஜன், ‘படிக்காத மேதை’யில் (1960) சொத்திழந்து கூனிப்போன பணக்காரர். ஒரே உடம்புதான். முன்னதில் அந்த உடம்பு மலை, பின்னதில் அது பாரம். ‘ரத்தக்கண்ணீர்’ (1954) எம்.ஆர். ராதா முழுக்க முழுக்க ஓவர்தான், வேண்டுமென்றே ஓவர். ஒரு வாக்கியத்துக்குள் மூன்று குரல் மாற்றி, தான் நடிக்கும் பாத்திரத்தையே நக்கல் அடித்துக்கொண்டு நடிக்கிறார். அதை ‘இயல்பாக’ நடித்திருந்தால் அந்தப் படம் வெறும் நீதிக்கதையாகச் செத்திருக்கும். சாவித்திரி, பண்டரிபாய், எஸ்.வி. சுப்பையா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுரை வேண்டும். ‘மகளிர் மட்டும்’ (1994) நாகேஷ் பிணமாகவே நடித்தார். பிணத்தைக்கூட ஓவர் ஆக்டிங் என்பீர்களா?

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நீங்கள் போனில் பார்க்கும் பழைய படம் பெரும்பாலும் அந்தப் படமே இல்லை. அன்றைய சட்டகம் கிட்டத்தட்ட 4:3. அதை இன்றைய 16:9 திரைக்கு இழுத்து நீட்டிப் போடுகிறார்கள். முகம் அகலமாகும், கை குட்டையாகும், ஒவ்வொரு அசைவும் தடிக்கும். இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டி நெற்றியையும் கையையும் தூக்கிப் போடுகிறார்கள். ரீல்ஸ் என்று வந்தால் செங்குத்தாக வெட்டி, எதிரே நிற்கும் ஆளையே காணாமல் அடிக்கிறார்கள். எதிராளி இல்லாமல் ஒருத்தர் அழுதால் பைத்தியம் மாதிரித்தான் தெரியும். 2012இல் ‘கர்ண’னை டிஜிட்டலில் புதுப்பித்துப் பெரிய திரையில் போட்டபோது அது நூறு நாளைத் தாண்டி ஓடியது. இருட்டில், முழு அளவில், முழுப் படமாக உட்கார்ந்து பார்த்தார்கள். மீம் அங்கே எடுபடவில்லை.

எல்லாப் படத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதி இன்று இல்லை. அதில் டி.பி. ராஜலட்சுமி நடித்தது ஓவரா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எது காக்கத்தக்கது என்று யாரோ ஒருத்தர் நினைத்தால்தான் அது காக்கப்படும். ‘பழசெல்லாம் ஓவர்’ என்று ஒரு தலைமுறை முடிவு கட்டிவிட்டால், மிச்சம் இருக்கும் பிரதிகளுக்காகச் செலவு செய்ய யாருக்கு மனசு வரும்? எங்கள் கொட்டாய் இருந்த இடத்தில் இன்று வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். அந்த நடிப்பு எதற்காக அப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக இருந்த இடமே போய்விட்டது. மிச்சம் இருப்பது படங்கள் மட்டும்தான்.

அன்றைக்குத் திண்ணையில் நான் இவ்வளவும் சொல்லவில்லை. ‘அந்த நாள்’ பார்த்துவிட்டு வாடா, அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொன்னேன். சட்டகத்தை நீட்டாத பிரதியாகத் தேடிப் பிடி என்றேன். பத்து நாள் கழித்து ராத்திரி போன் பண்ணினான்.

“மாமா, பாத்துட்டேன்.”

“எப்டி இருக்குது?”

“ஆளு செம. ஆனா இதுலயும் ரெண்டு எடத்துல ஓவர்தான் மாமா.”

“எந்த எடத்துல?”

சொன்னான். இரண்டு இடத்தையும் சொன்னான். ஏன் என்றும் சொன்னான். ஒன்றில் அவன் சொன்னது சரி, இன்னொன்றில் எனக்குச் சம்மதம் இல்லை. ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். போன் சூடாகிச் சார்ஜ் தீர்ந்துபோய்த்தான் நிறுத்தினோம். விட்ட இடத்திலிருந்து பேச அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் போகிறேன்.